முகாம் எந்தத் தெருவில்?

ஏழு நாள் சிறப்பு முகாமின் மூன்றாம் நாள் காலை வருகைப் பதிவேட்டில் ஒரு மாணவனின் பெயருக்கு நேரே நாங்கள் இப்படி எழுதினோம்: “உடல்நலக் குறைவு. வீட்டுக்கு அனுப்பப்பட்டார்.” அவனுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. அது எங்களுக்கும் தெரியும்.

நடந்தது இதுதான். ஐம்பது மாணவர்கள், ஊர்த்தெருவில் உள்ள ஒன்றியப் பள்ளியில் தங்கல். அவனுக்குத் தண்ணீர் பிடித்து வரும் வேலை. தெருக்குழாயில் இரண்டு குடம் பிடித்துக்கொண்டு திரும்பியிருக்கிறான். எந்த ஊர், எந்தத் தெரு என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். சொல்லியிருக்கிறான். பக்கத்து ஒன்றியம்தான் அவனுக்கு. அவன் நாலு அடி நடப்பதற்குள் ஓர் அம்மா வாளியோடு வந்து குழாயையும் அதன் மேடையையும் கழுவிவிட்டார். அன்று இரவு அவன் சாப்பிடவில்லை. மறுநாள் காலை பையைக் கட்டிக்கொண்டு எங்களிடம் வந்தான். “அண்ணே, இதை எங்க ஊர்லயே பாத்துட்டுதான வளர்ந்தேன். இதைப் பாக்குறதுக்கு பஸ் ஏறி இம்புட்டு தூரம் வரணுமா?” என்றான்.

நாங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் பேசப் போனோம். அவர் கோபப்படவில்லை. காபி கொடுத்தார். “தம்பி, நீங்க நல்லது பண்ண வந்திருக்கீங்க. பொம்பளைங்க ஏதோ பழக்கதோஷத்துல பண்ணிருச்சுங்க. ஏழு நாளு. கண்டுக்காம முடிச்சிட்டுப் போங்க” என்றார். நாங்கள் கண்டுகொள்ளாமல் முடித்துவிட்டு வந்தோம். கோயில் குளத்தைச் சுத்தம் செய்தோம், மரக்கன்று நட்டோம் (போன வருடம் வேறு கல்லூரி நட்ட அதே குழிகள்), ஃபிளெக்ஸ் பேனருக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டோம். அறிக்கையில் முகாம் “வெற்றிகரமாக” நிறைவுற்றது. பல்கலைக்கழகத்திலிருந்து பாராட்டுக் கடிதம்கூட வந்தது.

அப்போது நாங்கள் ஒரு பல்கலைக்கழக விரிவாக்கத் துறையின் வழியாக மாநில அளவில் நடந்த இளைஞர் திட்டமொன்றில் ஒருங்கிணைப்பு வேலை பார்த்துக்கொண்டிருந்தோம். சமூகவியலும் சமூகப்பணியும் படித்தவர்கள். எங்களில் பாதிப்பேர் காலனியிலிருந்து வந்தவர்கள். தீண்டாமையைப் பற்றித் தேர்வில் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதியவர்கள், அது எங்கள் முகாமில் நடந்தபோது பதிவேட்டில் “உடல்நலக் குறைவு” என்று எழுதினோம். இந்தக் கட்டுரையை எழுதக் காரணம் அந்த ஒரு வரிதான்.

இளைஞர்களைத் திரட்டி ஊருக்குள் அனுப்பும் திட்டம் எதுவானாலும், “சாதி பார்க்காமல் யாரும் சேரலாம்” என்ற வாசகம் அதன் முதல் பக்கத்தில் இருக்கும். அந்த வாசகம் போதுமா என்பதே எங்கள் கேள்வி. இந்தக் கேள்வி கடல் கடந்து ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அங்கே கிடைத்த பதில் நமக்குப் பிடிக்காது. ஆனால் தெரிந்துகொள்ள வேண்டியது.

அமெரிக்காவில் 4-எச் என்று ஓர் இளைஞர் அமைப்பு இருக்கிறது. தலை, இதயம், கை, உடல்நலம் ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்கள் நான்கும் எச் என்ற எழுத்தில் தொடங்குவதால் அந்தப் பெயர். சின்னம் நான்கு இலைக் குளோவர். 1902இல் ஓஹாயோ மாநிலத்தின் கிளார்க் மாவட்டத்தில் ஒரு பள்ளிக் கண்காணிப்பாளர் தொடங்கிய சிறுவர் மன்றத்திலிருந்து வளர்ந்தது என்பார்கள். இன்று சுமார் 60 லட்சம் பிள்ளைகளைத் தொடும் அமைப்பு. நமக்கு முக்கியமானது இதன் நிர்வாக முறை. இதைத் தனி அறக்கட்டளை நடத்தவில்லை. ஒவ்வொரு மாநிலத்திலும் அரசு நிலக்கொடையால் உருவான பல்கலைக்கழகத்தின் விரிவாக்கத் துறை நடத்துகிறது. மாநிலத்துக்கு ஒரு தலைவர், மாவட்டந்தோறும் ஊழியர்கள், அவர்களுக்குக் கீழே தன்னார்வலர்கள். நம் நாட்டு நலப்பணித் திட்டத்தை, அதாவது என்.எஸ்.எஸ்.ஸை, அறிந்தவர்களுக்கு இந்த அமைப்பு ஓரளவு பழகியதாகவே தோன்றும்.

அந்தப் பல்கலைக்கழகங்களின் கதையை இனத்தை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது. 1862இன் மோரில் சட்டம் நிலத்தைக் கொடுத்துக் கல்லூரிகளை உருவாக்கியது. தெற்கு மாநிலங்களில் அவை வெள்ளையருக்கே திறந்தன. 1890இல் இரண்டாம் மோரில் சட்டம் வந்தது: மாணவர் சேர்க்கையில் இனம் பார்க்காதே, பார்த்தே தீருவேன் என்றால் கறுப்பினத்தவருக்குத் தனிக் கல்லூரி வை. தெற்கு மாநிலங்கள் தனிக் கல்லூரியைத் தேர்ந்தெடுத்தன. ஊர், சேரி என்று இரண்டு பிரிவு, இரண்டுக்கும் ஒரே அரசு. நமக்கு விளக்கம் தேவையில்லை.

1914இல் ஸ்மித்-லீவர் சட்டம் வந்தது. விவசாயிகளின் வீட்டு வாசலுக்குப் பல்கலைக்கழக அறிவைக் கொண்டுபோகும் விரிவாக்கப் பணிக்கு ஒன்றிய அரசு நிரந்தரமாகப் பணம் தரும் சட்டம் அது. அந்தப் பணத்தை எந்தக் கல்லூரிக்குக் கொடுப்பது? கறுப்பினக் கல்லூரிகளுக்கும் நியாயமான பங்கு வேண்டுமென்று என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பு போராடியது. செனட்டில் வெஸ்லி ஜோன்ஸ் திருத்தம் கொண்டுவந்தார். சட்டத்துக்குப் பெயர் கொடுத்தவர்களில் ஒருவரான ஜார்ஜியாவின் ஹோக் ஸ்மித் அதை எதிர்த்தார். கடைசியில், எந்தக் கல்லூரி என்பதை மாநிலச் சட்டமன்றமே முடிவு செய்யட்டும் என்று விட்டார்கள். தெற்கில் சட்டமன்றம் யார் கையில் இருந்ததோ, பணமும் அவர்கள் கல்லூரிக்கே போனது. 1890 கல்லூரிகளுக்கு விரிவாக்கப் பணிக்கான நிலையான நேரடி நிதியைச் சட்டமே உறுதிசெய்தது 1977இல்தான். 63 ஆண்டுகள்.

ஒரு சின்ன விலகல். அந்தச் சட்டத்தில் 1914 மே மாதம் அதிபர் வில்சன் கையெழுத்திட்டபோது, நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 23 வயது மாணவராக அண்ணல் அம்பேத்கர் படித்துக்கொண்டிருந்தார். இந்தச் செய்தி அவர் கண்ணில் பட்டதா என்பதல்ல விஷயம். பின்னாளில், 1946இல், அவரே டபிள்யூ.ஈ.பி. டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதி, கறுப்பின மக்கள் சார்பில் ஐ.நா.வுக்கு அளிக்கப்பட்ட மனுவின் படி வேண்டுமென்று கேட்டார். டு பாய்ஸும் பதில் எழுதினார். நாம் அமெரிக்கக் கறுப்பின வரலாற்றைப் படிப்பது வேடிக்கைக்காக அல்ல, பாபாசாகேப் தொடங்கிவைத்த பழக்கம் அது.

பணம் வராததால் வேலை நிற்கவில்லை. டஸ்கீகி கல்லூரியில் 1906இலேயே ஒரு குதிரை வண்டியில் கருவிகளையும் விதைகளையும் ஏற்றிக்கொண்டு கறுப்பின விவசாயிகளின் வயலுக்கே போனார்கள். ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் அதன் வடிவமைப்பில் பங்கு பெற்றார். பண உதவி செய்தவரின் பெயரால் அது ஜெசப் வண்டி எனப்பட்டது. அதை ஓட்டிக்கொண்டு போன தாமஸ் மன்ரோ கேம்ப்பெல் அதே ஆண்டு அரசின் முதல் கறுப்பின விரிவாக்க அலுவலரானார். அவரைப் போன்றவர்கள் தெற்கு முழுவதும் கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனி மன்றங்களைக் கட்டினார்கள். தலைநகர் வாஷிங்டனில் 1927 முதல் தேசிய 4-எச் முகாம் நடந்தது. கறுப்பினப் பிள்ளைகளுக்கு அங்கே இடமில்லை. 1948இல்தான் லூசியானாவின் பேட்டன் ரூஜில், கறுப்பினக் கல்லூரியான சதர்ன் பல்கலைக்கழகத்தில், அவர்களுக்கென்று வட்டார முகாம் ஒன்று தொடங்கியது. மறுக்கப்பட்ட இடத்துக்குப் பதிலாகக் கிடைத்த இடம்தான். ஆனால் அந்த இடத்தில் மேடையில் நின்றவர்கள் கறுப்பினத் தலைவர்கள். பிள்ளைகள் அண்ணாந்து பார்த்த முகங்கள் அவர்களுடைய முகங்களாகவே இருந்தன. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவோம்.

1964இல் குடிமை உரிமைகள் சட்டம் வந்தது. தனித்தனிக் கிளைகள் செல்லாது என்றானது. வட கரோலினாவில் 1965 ஆகஸ்ட் 1ஆம் தேதி “நீக்ரோ கிளை”யைக் கலைத்து வெள்ளைக் கிளையோடு சேர்த்தார்கள். காகிதத்தில் ஒரே துறை. அதுவரை கறுப்பின ஊழியர்களுக்குக் குறைவான சம்பளம். இணைத்த பிறகு? அதே குறைவான சம்பளம் தொடர்ந்தது. பிள்ளைகளின் மன்றங்கள்? இரு இனத்தாரும் வாழும் ஊர்களிலேயே முழு வெள்ளை மன்றம், முழுக் கறுப்பு மன்றம் என்று ஏராளமானவை அப்படியே இருந்தன.

பி.ஈ. பேஸ்மோர் என்ற ஊழியரும் மற்றவர்களும் வழக்குப் போட்டார்கள். பேஸ்மோர் எதிர் ஃப்ரைடே என்ற அந்த வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1986இல் தீர்ப்பளித்தது. சம்பளத்தில் நீதிபதிகள் எல்லோரும் ஒரே குரல்: பாகுபாடு சட்டத்துக்கு முன்பே தொடங்கியது என்று தப்பிக்க முடியாது, ஒவ்வொரு முறை குறைத்துச் சம்பளம் கொடுக்கும்போதும் அது புதிய குற்றம். மிகச் சிறந்த பகுதி இது. நம் தொழிற்சங்கத் தோழர்கள் படிக்க வேண்டியது.

மன்றங்கள் விஷயத்தில் ஐந்துக்கு நாலு என்று நீதிமன்றம் பிரிந்தது. பெரும்பான்மை சொன்னதன் சாரம்: பள்ளி வேறு, மன்றம் வேறு. பள்ளியில் பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று அரசு ஒதுக்குகிறது. மன்றத்தில் பிள்ளைகள் விரும்பிச் சேர்கிறார்கள். கதவைத் திறந்துவிட்டோம், யாரும் வரலாம் என்று அறிவித்துவிட்டோம், யாரையும் திருப்பி அனுப்பியதாக நிரூபணம் இல்லை. அதற்குமேல் துறைக்குக் கடமை இல்லை. நீதிபதி பிரென்னனும் அவரோடு நின்ற மார்ஷல் உள்ளிட்ட மூவரும் மறுத்தார்கள். பல பத்தாண்டுகள் அரசே கட்டிய சுவரை, கதவைத் திறந்து வைப்பதால் மட்டும் இல்லாமல் செய்ய முடியாது என்பதே அவர்கள் வாதத்தின் உட்பொருள் என்று நாங்கள் புரிந்துகொள்கிறோம். அமெரிக்காவின் முதல் கறுப்பின உச்ச நீதிமன்ற நீதிபதியான மார்ஷல் சிறுபான்மைத் தரப்பில் இருந்தது தற்செயல் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

இப்போது எங்கள் முகாமுக்கு வாருங்கள். அந்தப் பையனை யாரும் போகச் சொல்லவில்லை. அவனாகவே வந்தான், அவனாகவே போனான். அந்தப் பெரும்பான்மைத் தீர்ப்பின்படி எங்கள் மீது குற்றமே இல்லை. எங்கள் பதிவேட்டின்படியும் இல்லை.

என்.எஸ்.எஸ். 1969 செப்டம்பர் 24 அன்று, காந்தி நூற்றாண்டில், 37 பல்கலைக்கழகங்களில் 40 ஆயிரம் மாணவர்களோடு தொடங்கியது. எனக்காக அல்ல, உனக்காக என்பது அதன் முழக்கம். ஆண்டுக்கு 120 மணி நேரம் என்று இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேர வேலை, இடையில் ஏழு நாள் முகாம், ஓர் ஊரைத் தத்தெடுத்தல். நம்மில் பலருக்கு மேடையில் பேசும் தைரியம் அங்கேதான் வந்தது. அதை மறுக்க மாட்டோம். ஆனால் “ஊரைத் தத்தெடுத்தல்” என்ற சொல்லிலேயே ஒரு கேள்வி இருக்கிறது. தமிழ்நாட்டில் “ஊர்” என்றால் என்ன பொருள்? “ஊரும் சேரியும்” என்று இரண்டாகச் சொல்லும் வழக்கம் இருக்கும் மொழியில், ஊரை மட்டும் தத்தெடுத்தால் யாரைத் தத்தெடுக்கவில்லை என்பதும் அதிலேயே இருக்கிறது.

முகாமுக்கு இடம் தேடுகிற வேலை எப்படி நடக்கிறதென்று அந்த வேலையைச் செய்தவர்கள் என்ற முறையில் சொல்கிறோம். திட்ட அலுவலர், அதாவது கல்லூரி ஆசிரியர் ஒருவர், தெரிந்த ஊராட்சித் தலைவருக்கோ முன்னாள் மாணவருக்கோ போன் போடுவார். கழிப்பறை இருக்கிறதா, மோட்டார் ஓடுகிறதா, பெண் பிள்ளைகள் தங்கப் பாதுகாப்பான கட்டடம் உண்டா என்று கேட்பார். நியாயமான கேள்விகள். அந்த மூன்றும் இருக்கும் கட்டடம் எந்தத் தெருவில் இருக்கும்? அரசின் செங்கல் எந்தத் தெருவில் விழுந்ததோ அங்கே. சாதி பார்த்து யாரும் முடிவெடுக்கவில்லை. மோட்டார் பார்த்து முடிவெடுத்தார்கள், மோட்டார் ஏற்கெனவே சாதி பார்த்து வைக்கப்பட்டிருந்தது. பிறகு ஊர்ப் பெரியவர்கள் வரவேற்பார்கள், கோயில் வாசலில் தொடக்க விழா, முதல் வேலை கோயில் குளம். காலனிக்கு நாலாம் நாள் மாலை ஒரு “விழிப்புணர்வுப் பேரணி” போகும். குப்பை போடாதே, குடிக்காதே, பெண் பிள்ளையைப் படிக்க வை. காலனிக்குள் பதாகை பிடித்துக்கொண்டு சுத்தத்தைப் பற்றிப் பாடம் எடுத்துவிட்டு ஊர்த்தெருவில் சாப்பிடப் போவது! எங்களோடு வந்த ஒரு மாணவி அன்று கடைசி வரிசையில் முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு நடந்தாள். வெயிலுக்காக என்று நினைத்தோம். அவளுடைய சித்தி வீடு அந்தத் தெருவில்.

இவ்வளவும் பழங்கதை என்றால் எழுதியிருக்க மாட்டோம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனையும் அவன் தங்கையையும் உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அரசு நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒரு நபர் குழுவை அமைத்தது. 2024 ஜூனில் 610 பக்க அறிக்கை வந்தது. கையில் வண்ணக் கயிறு கட்டக் கூடாது, ஒரு பகுதியில் பெரும்பான்மையாக உள்ள சாதியைச் சேர்ந்தவரை அங்கேயே தலைமையாசிரியராகப் போடக் கூடாது என்று பல பரிந்துரைகள். அவற்றில் ஒன்று, எல்லாச் சமூகத்து மாணவர்களையும் கொண்ட சமூகநீதி மாணவர் படை.

இந்தப் பரிந்துரையை நாங்கள் வரவேற்கிறோம். அதே மூச்சில் பயப்படவும் செய்கிறோம். சீருடை, பயிற்சி, முகாம், மாநில அளவில் ஓர் அலுவலர் என்று அது நாளைக்கு வந்தால், அது இன்னொரு என்.எஸ்.எஸ்.ஸாக ஆகாமல் இருக்க என்ன ஏற்பாடு? கயிறு கட்டிய கை சீருடைக்குள்ளும் இருக்கும். “யாரும் சேரலாம்” என்று அறிவித்துவிட்டால் போதும் என்றால், ஒரு பள்ளியில் எந்தப் பிள்ளைகளுக்குத் தலைமைப் பதவி போகும், எந்தப் பிள்ளைகள் நாற்காலி தூக்குவார்கள் என்பதை இப்போதே எழுதிக் கொடுத்துவிடலாம். தலைமையாசிரியர் விஷயத்தில் குழு சொன்ன அதே கொள்கையைப் படையின் பொறுப்பாளர்கள் விஷயத்திலும் பிடிவாதமாகக் கேட்க வேண்டும்.

“அப்படியானால் நம் பிள்ளைகளுக்குத் தனியாக வைத்துக்கொள்ளலாமே” என்று சில தோழர்கள் சொல்கிறார்கள். விடுதி மாணவர்களுக்கென்று தனி இளைஞர் அமைப்பு, அம்பேத்கர் வாசிப்பு வட்டம், தனி முகாம். இதை எளிதாகத் தள்ளிவிட எங்களால் முடியாது. பேட்டன் ரூஜ் முகாமை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னோம் இல்லையா, அது இதற்குத்தான். 1965இல் கிளைகள் இணைந்தபோது கறுப்பினத்தவர் கேட்டது சமத்துவம். கிடைத்தது வேறு. அலபாமாவில் டஸ்கீகியிலிருந்து நடந்த கறுப்பின விரிவாக்கப் பணியை வெள்ளையரின் ஆபர்ன் பல்கலைக்கழகத்தோடு இணைத்தார்கள். தலைமைப் பொறுப்பில் இருந்த கறுப்பின அலுவலர்கள் வெள்ளை அதிகாரிகளுக்குக் கீழே துணை நிலையில் வைக்கப்பட்டார்கள். வில்லி ஸ்ட்ரெய்ன் என்ற ஊழியர் நீதிமன்றம் போய், 1971இல் நீதிபதி ஃபிராங்க் ஜான்சன் அந்தத் துறையைத் திருத்த உத்தரவிட வேண்டியிருந்தது. இணைப்பு என்ற பெயரில் நாற்காலி பறிபோனது, கூடத்தில் மட்டும் இடம் கிடைத்தது.

நம் பக்கத்தில் இதற்கு மிக நெருக்கமான ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளைப் பள்ளிக் கல்வித் துறையோடு இணைப்பதாக 2023-24 நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது. சந்துரு குழுவும் ஒரே துறையின் கீழ் கொண்டுவரச் சொன்னது. நம்மவர்களிடையே இதில் ஒரே கருத்து இல்லை. தனிப் பள்ளி என்பதே முத்திரை குத்துவது, கூரை ஒழுகும் அந்தக் கட்டடங்களை வைத்துக்கொண்டு என்ன பெருமை என்று ஒரு தரப்பு. நம் பிள்ளைகளுக்கென்று இருந்த நிதியும் நிலமும் பணியிடமும் பொதுக் கடலில் கரைந்துபோகும் என்று இன்னொரு தரப்பு. நாங்கள் இரண்டாவது தரப்பின் பயத்தோடு முதல் தரப்பின் இலக்கை ஏற்கிறோம். இணைக்கலாம். இணைக்கும் நாளன்று ஒவ்வொரு நாற்காலியும் எங்கே போகிறது என்று எண்ணிக்கொண்டே இணைக்க வேண்டும்.

இளைஞர் திட்டத்திலும் அதே கணக்குதான். மாநில அளவில் ஒரு திட்டத்தை நடத்துவது என்றால் சுற்றறிக்கை அனுப்புவது என்று எங்கள் மேலதிகாரி ஒருவர் நம்பினார். எங்கள் அனுபவம் அப்படி இல்லை. யார் முகாம் இடத்தை முடிவு செய்கிறார் என்பது ஒன்று. அந்த முடிவில் காலனி மக்களுக்குக் கையெழுத்து வேண்டும். கல்லூரி ஆலோசனைக் குழுவில் முதல்வரும் ஊராட்சித் தலைவரும் புரவலர்களும் உட்கார்ந்திருப்பார்கள், அதில் தலித் பெண் ஒருவர் கட்டாயம் என்று விதி எழுதுவதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை. வேலைப் பட்டியலில் யாருக்குத் துடைப்பம், யாருக்கு மைக் என்பது இன்னொன்று. ஏழு நாளின் பட்டியலையும் பெயரோடு சுவரில் ஒட்டினாலே பாதி விஷயம் வெளிப்பட்டுவிடும். நாங்கள் ஒட்டிப் பார்த்தோம், இரண்டாம் நாளே ஒரு பேராசிரியர் கிழித்தார். முகாமில் வன்கொடுமை நடந்தால் அதைப் பதிவு செய்வது திட்ட அலுவலரின் கடமை என்று எழுத்தில் வேண்டும். எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989 பொதுக் குழாயைப் பயன்படுத்தத் தடுப்பதைக் குற்றம் என்கிறது. “பழக்கதோஷம்” என்று அதில் ஒரு பிரிவும் இல்லை. அன்று எங்களிடம் ஒரு படிவம் இருந்திருந்தால் நாங்கள் தைரியமாக இருந்திருப்போமா? தெரியவில்லை. ஆனால் பொய் எழுதுவது இன்னும் கொஞ்சம் கடினமாக இருந்திருக்கும்.

மாநிலத் தலைமை பற்றியும் ஒரு வார்த்தை. தலித் ஒருவரை மேலே உட்கார வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. எங்களையே பாருங்கள், பதிவேட்டில் எழுதிய கை எங்கள் கைதான். ஒப்பந்த ஊதியத்தில், ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீட்டிப்புக்குக் காத்திருந்தவர்களின் கை. நீட்டிப்புக் கடிதம் ஊர்ப் பெரியவரின் நண்பரான அதிகாரியின் மேசையில் இருக்கும்போது சமூகவியல் பட்டம் எவ்வளவு தூரம் துணை வரும்? ஆகவே நாற்காலியோடு பாதுகாப்பையும் கேளுங்கள். நிரந்தரப் பணியிடம், இடஒதுக்கீடு, சுழற்சி முறை. தன்னார்வம் என்ற இனிப்பான சொல்லுக்குள் குறைந்த சம்பளத்தை ஒளித்து வைப்பதையும் பேஸ்மோர் வழக்கோடு சேர்த்து யோசியுங்கள்.

அடுத்த வருடம் நாங்கள் சண்டை போட்டு ஒரு முகாமைக் காலனியில் போட்டோம். சமுதாயக் கூடத்தில் தங்கல். கழிப்பறைக்குக் கதவு இல்லை, நாங்களே தகரம் வாங்கி மாட்டினோம். பெயர் கொடுத்திருந்த மாணவர்களில் சிலர் கடைசி நேரத்தில் வரவில்லை, இரண்டு பெற்றோர் கல்லூரிக்கே வந்து “எங்க புள்ளைய எங்க தங்க வைக்கிறீங்க?” என்று சத்தம் போட்டார்கள். வந்தவர்களிலும் ஒரு பையன் முதல் இரண்டு நாள் பிஸ்கட்டும் வாழைப்பழமும் மட்டும் தின்றான். மூன்றாம் நாள் பசி தாங்காமல் உட்கார்ந்தான். மனம் மாறிவிட்டானா என்று எங்களிடம் கேட்காதீர்கள், சாப்பிட்டான், அவ்வளவுதான். கடைசி நாள் சமையல் செய்த அக்காமார் கூலி வாங்க மறுத்தபோது, வேண்டாம் என்று விடாமல், ரசீது போட்டுக் கையெழுத்து வாங்கிக் கொடுத்தோம். போன முகாமில் ஊர்த்தெருச் சமையல்காரருக்கு ரசீது போட்டுக் கொடுத்தது நினைவிருந்தது. அதே தொகை.

அந்த முகாமின் அறிக்கைக்குப் பாராட்டுக் கடிதம் வரவில்லை. விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது.

குடத்தோடு திரும்பிய அந்தத் தம்பி படிப்பை முடித்துவிட்டான். இப்போது அவன் ஊரில் மாலை நேரப் படிப்பகம் ஒன்றை நடத்துகிறான். போன மாதம் பேசினோம். பதிவேட்டில் என்ன எழுதினோம் என்று முதல் முறையாக அவனிடம் சொன்னோம். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அண்ணே, அதைத் திருத்தி எழுத முடியுமா?” என்று கேட்டான். பல்கலைக்கழகத்துக்கு எழுதியிருக்கிறோம், இன்னும் பதில் இல்லை. உங்கள் கல்லூரியில் இந்த ஆண்டு முகாம் வரும்போது எந்தத் தெரு, யார் முடிவு செய்தது, பதிவேட்டில் பாதியில் போனவர்களின் பெயருக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து எங்களுக்கு எழுதுங்கள், தோழர்களே.